127 டிகிரி காட்டினால் பதறாதீர்கள்

புது மதர்போர்டில் லினக்ஸ் போட்ட அன்று, வெப்பத்தையும் ஃபேன் வேகத்தையும் காட்டும் 'சென்சார்ஸ்' கமாண்டை ஓட்டினேன். ஒரு வரியில் 127 டிகிரி! பதறிப்போய் மெஷினை அணைத்து, ஹீட்சிங்க்கைக் கழற்றி, பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாகப் பூசி மாட்டினேன். திரும்ப வந்து பார்த்தால் அதே 127. எதுவும் இணைக்காத ஒரு பின்னை டிரைவர் வாசித்துச் சொன்ன எண் அது. அதற்குப் போய் பேஸ்ட் பூசியிருக்கிறேன்.

அதனால் முதலில் பிராசசருக்கு வேலை கொடுத்துப் பாருங்கள். பெரிய ஃபைல் ஒன்றைக் கம்ப்ரெஸ் செய்தாலே போதும். நிஜ சென்சார் ஏறி இறங்கும், வெற்றுப் பின் பெரும்பாலும் அசையாது. அந்த வரியை மறைக்க, 'எட்சி' ஃபோல்டருக்குள் 'சென்சார்ஸ் டாட் டி'யில் ஒரு ஃபைல் வைத்து, சிப்பின் பெயருக்குக் கீழே 'இக்னோர்' போட்டு, பக்கத்தில் அந்தச் சென்சாரின் பெயரை எழுத வேண்டும். நான் திரையில் தெரிந்த 'ஆக்ஸ்டின்' என்ற பெயரை எழுதிவிட்டு, ஏன் மறையவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். அது வெறும் லேபிள். 'சென்சார்ஸ்' கமாண்டோடு 'மைனஸ் யு' சேர்த்து ஓட்டினால் 'டெம்ப்6' மாதிரி உள்பெயர் தெரியும். அதைத்தான் எழுத வேண்டும்.

ஃபேன் வேகமே வரவில்லையா? மதர்போர்டு சிப்புக்கான டிரைவர் ஏறியிருக்காது. சூடோ (அட்மின் அனுமதி) போட்டு, சிப்பைத் தேடிக் கண்டுபிடிக்கும் 'சென்சார்ஸ்-டிடெக்ட்' ஓட்டுங்கள். கேள்விகளுக்கெல்லாம் என்டர் தட்டினால் போதும், ஆபத்தான சோதனைகளுக்கு அதுவே 'நோ' எடுத்துக்கொள்ளும். டெபியன், உபுண்டுவில் கடைசிக் கேள்வியில் மட்டும் கவனம்: மாட்யூலை (அந்த டிரைவரை) நிரந்தரமாகச் சேர்க்கவா என்று கேட்கும்போது 'யெஸ்' என்று முழுசாக டைப் செய்ய வேண்டும். அங்கேயும் என்டர் தட்டினால் 'நோ'தான்.

மாட்யூலைக் கையால் ஏற்றியும் வரவில்லை என்றால் 'டிமெசேஜ்' ஓட்டி, கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுதிய செய்திகளைப் பாருங்கள். ஏசிபிஐ ரிசோர்ஸ் மோதல் என்றிருந்தால், பயாஸும் டிரைவரும் ஒரே சிப்புக்கு அடித்துக்கொள்கின்றன. பூட் ஆகும்போது கொடுக்கும் கெர்னல் பாராமீட்டரில் 'ஏசிபிஐ_என்ஃபோர்ஸ்_ரிசோர்சஸ்=லாக்ஸ்' (கண்டிப்பைத் தளர்த்து என்று அர்த்தம்) போடச் சொல்வார்கள். வேலை செய்யும், ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் கை வைத்தால் அளவுகள் குழம்பலாம். புதுக் கெர்னலை முயன்று பார்த்துவிட்டு, வேறு வழியில்லை என்றால் மட்டும் அதைத் தொடுங்கள்.

இன்னொன்று. டெஸ்க்டாப் பேனலில் பிராசசர் வெப்பம் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒருநாள் ரீபூட்டுக்குப் பிறகு எஸ்எஸ்டியின் வெப்பமாகிவிட்டது. சென்சார் ஒவ்வொன்றுக்கும் லினக்ஸ் வைத்திருக்கும் ஃபோல்டரை, பேனலுக்கான ஸ்கிரிப்டில் 'ஹெச்டபிள்யூமான்2' என்று எண்ணை வைத்து எழுதியிருந்தேன், அந்த எண் பூட்டுக்குப் பூட்டு மாறலாம். அப்படிப்பட்ட ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'நேம்' என்றொரு ஃபைல் இருக்கிறது. அதில் 'கோர்டெம்ப்' (இன்டெல்) அல்லது 'கே10டெம்ப்' (ஏஎம்டி) இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும்படி ஸ்கிரிப்டை மாற்றினேன். வெப்ப ஃபைலில் 42000 என்றிருந்தால் 42 டிகிரி, ஆயிரத்தால் வகுக்க மறந்துவிடாதீர்கள்.