படைநிலமாக இருந்த இடத்தில் சொகுசுக் குடியிருப்பு: கடலூரிலும் புதுச்சேரியிலும் அடிக்கல் நாட்டுமுன் செய்ய வேண்டியவை

கடலூரிலோ புதுச்சேரியிலோ நகரத்துக்குள் பெரிய நிலம் ஒன்று மொத்தமாக விலைக்கு வந்தால், அதில் எப்போதாவது ஒரு படை தங்கியிருக்குமா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை உள்ள ஊர்களையெல்லாம் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டது. அவை குண்டு கிராமங்கள் என்றே வழங்கின. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தக் கோட்டையைப் பிடித்து இடித்தார். மூன்றாண்டுகளுக்குப் பின், 1761இல், ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து அதன் கோட்டையையும் மதிலையும் தரைமட்டமாக்கினார்கள். 1783இல் இரு படைகளும் கடலூரில் மீண்டும் மோதின. இடிந்தவை பலவும் அள்ளிச் செல்லப்படாமல் மண்ணுக்குள்ளேயே கிடக்கின்றன. இந்த வட்டாரத்துக் கட்டுமானக்காரர்களுக்கும், அவர்களோடு கூட்டு ஒப்பந்தம் போடும் நில உரிமையாளர்களுக்கும், இப்படிப்பட்ட நிலத்தில் எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்ய வேண்டும் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். கட்டட வரைபடம் கடைசியில் வர வேண்டிய வேலை. ஆனால் நம் ஊரில் பலரும் அதில்தான் தொடங்குகிறார்கள்.

நிலம் யாருடையது

படை விட்டுப் போன நிலம் என்று ஊரார் சொல்வது ஒன்று, பதிவேடு சொல்வது வேறு. நிலம் இன்னமும் பாதுகாப்புத் துறையின் பெயரில் இருந்தால், எவ்வளவு காலமாகப் புதர் மண்டிக் கிடந்தாலும், அதை எந்தத் தனியாரும் உங்களுக்கு விற்க முடியாது. அது மத்திய அரசின் ஒப்புதலோடு, பாதுகாப்புச் சொத்துகள் இயக்குநரகத்தின் வழியாக மட்டுமே கைமாற முடியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உளுந்தூர்பேட்டையில் போட்ட விமான ஓடுதளம் போன்ற நிலங்களின் ஓரத்தில் மனை வாங்குவோர் இதைக் கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த வகை, மாநில அரசிடம் வந்து சேர்ந்து புறம்போக்காகப் பதிவான நிலம். மூன்றாவது வகை, பல தலைமுறைக்கு முன்பே தனியார் கைக்குப் போய்ப் பட்டா பெற்ற நிலம். நீங்கள் வாங்கலாம் என்று நம்பிக்கையோடு பேசத் தொடங்கக்கூடியது மூன்றாவது வகை மட்டுமே.

கடலூர்ப் பக்கம் பட்டாவைக் காட்டினால் உடனே முன்பணம் கொடுத்துவிடும் வழக்கம் இருக்கிறது. அது போதாது. தமிழகத்தில் 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது எல்லோரும் யுடிஆர் என்று சொல்லும் பணியில், அரசு நிலம் தனியார் பெயருக்கும் தனியார் நிலம் அரசு பெயருக்கும் மாறிப் பதிவான இடங்கள் உண்டு. ஆகவே இன்றைய பட்டா, சிட்டா, அ பதிவேடு ஆகியவற்றோடு யுடிஆருக்கு முந்தைய நில அளவைப் பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சர்வே எண் உட்பிரிவான விதம், பரப்பளவு கூடியதா குறைந்ததா என்பது, பழைய பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் இருக்கும் ஒற்றை வரி ஆகிய மூன்றும் பொருந்தாவிட்டால், காரணம் தெரியும் வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். வில்லங்கச் சான்றிதழை முப்பது ஆண்டுகளோடு நிறுத்தாமல், கிடைக்கும் மட்டும் பின்னோக்கி எடுப்பது நல்லது. புல வரைபடத்தை நில அளவரோடு களத்துக்கே எடுத்துச் சென்று, எல்லைக் கற்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, கல் இல்லாத மூலைகளைத் தனியே குறித்து வைக்க வேண்டும்.

புதுச்சேரியில் இந்த வேலை இன்னும் நுட்பமானது. அங்கே பிரெஞ்சு ஆட்சிக் காலத்து மூலப்பத்திரங்கள் பலவும் நோட்டரி முன்னிலையில் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டவை. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது; சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் முடிந்தது. அதற்குப் பிறகும் துணைத் தூதரகம், பிரெஞ்சுப் பள்ளி போன்ற சில சொத்துகள் பிரெஞ்சு அரசிடமே இருக்கின்றன. எனவே பழைய படைக் கட்டடமோ அதன் வளாகமோ எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு, எந்த ஆணையின்படி போனது என்பதை, பிரெஞ்சு ஆவணம் படிக்கத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் எழுத்தில் தர வேண்டும். தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவு மையம் ஒன்று புதுச்சேரியிலேயே இருக்கிறது. கம்பெனி காலத்துக் கடலூர்ப் பதிவுகளுக்குச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். இதற்குச் செலவாகும் பணம், கட்டடத்தின் முகப்பு விளக்குகளுக்குச் செலவாகும் பணத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் மும்பை கொலாபாவில் 31 மாடியாக நிற்கிறது. ஆதர்ஷ் வீட்டுவசதிச் சங்கத்தின் அந்தக் கட்டடத்தில் நிலம் யாருடையது, வீடு யாருக்கு உரியது, கடலோர அனுமதி இருந்ததா என்ற கேள்விகளெல்லாம் ஒன்றாக எழுந்தன. 2010இல் மகாராஷ்டிர முதலமைச்சர் அசோக் சவாண் பதவி விலகினார். 2016இல் உயர் நீதிமன்றம் கட்டடத்தை இடிக்கவே உத்தரவிட்டது, உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. பணம் போட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்கு மன்றங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மண்ணுக்குள் என்ன இருக்கிறது

வழக்கமான மண் பரிசோதனை, மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை மட்டுமே சொல்லும். படைநிலத்தில் அதற்கு முன்பாக, நிலத்தில் எந்த மூலையில் என்ன நடந்தது என்று ஒரு வரைபடம் போட வேண்டும். துப்பாக்கி சுடும் பயிற்சித் திடல் இருந்தால் அதன் பின்புற மண்மேட்டில் ஈயம் சேர்ந்திருக்கும். ஊர்திப் பணிமனை இருந்த இடத்தில் கழிவு எண்ணெய் ஊறியிருக்கும். எரிபொருள் தொட்டி புதைந்திருக்கலாம். பிற்காலத்துக் கொட்டகைகளின் கூரை ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால் அதை உடைக்காமல், நனைத்து, முழுத் தகடாகக் கழற்ற வேண்டும். இந்த வேலையைச் சாதாரண இடிப்பு ஒப்பந்தக்காரரிடம் விடவே கூடாது.

சோதனைக் குழிகளை அந்த வரைபடத்தின்படி தோண்டுங்கள். கடலோரத்து மணலில் இரண்டு மூன்று அடிக்குள் செங்கல் சல்லியும் சுண்ணாம்புக் கட்டிகளும் கலந்த அடுக்கு ஒன்று வந்தால், அது பழைய சுவரின் இடிபாடாக இருக்கக்கூடும். ஒரு செங்கல்லை எடுத்துக் கழுவிப் பாருங்கள்: இன்றைய சூளைக் கல்லைவிட மெல்லியதாக, ஓரங்கள் ஒழுங்கற்று, ஒட்டியிருக்கும் சாந்து நகத்தால் கீறினால் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால், அது சிமென்டு காலத்துக்கு முந்தையது. அந்த இடத்தில் பொக்லைனை நிறுத்திவிட்டுக் கையால் தோண்டச் சொல்ல வேண்டும். அடித்தளத்தை இடிபாட்டு அடுக்கின் மேல் நிறுத்துவதும் ஆபத்து. அது ஓரிடத்தில் இறுகியும் இன்னோரிடத்தில் பொள்ளலாகவும் இருப்பதால் கட்டடம் சீரற்று அமிழும்.

இரும்புக் குண்டோ, உறையோடு கூடிய எறிகுண்டோ கிடைத்தால் யாரும் அதைத் தூக்கிப் பார்க்கவோ தட்டிப் பார்க்கவோ கூடாது. துரு ஏறியது என்பதால் அது செத்துவிட்டது என்று பொருளில்லை. ஆட்களை விலக்கிவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொன்னால் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினர் வருவார்கள். நாணயம், சிலை, பாத்திரம் போன்றவை கிடைத்தால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது கட்டாயம். இதை வேலையாட்களுக்கு முதல் நாளே சொல்லி, சொன்னதைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவது மேற்பார்வையாளரின் கடமை.

நச்சு ஏறிய மண்ணைத் தோண்டி ஏரிக்கரையில் கொட்டிவிட்டு வரலாம் என்று யோசனை சொல்பவரை அருகில் சேர்க்காதீர்கள். அபாயகரக் கழிவை ஏற்கும் அங்கீகாரம் பெற்ற நிலநிரப்பு மையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து அனுப்புவதென்றால் அது மாநில எல்லை தாண்டும் போக்குவரத்து என்பதால் இரு பக்கத்து மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புகளிடமும் முறைப்படி போக வேண்டும். லண்டனில் ஊலிச் படைக்கலத் தொழிற்சாலை இருந்த நிலத்தில் இன்று ஆயிரக்கணக்கான வீடுகள் இருக்கின்றன என்றால், மண்ணைச் சுத்தம் செய்ததும் பழைய கட்டடங்களைக் காத்துக்கொண்டதும் அதன் அடிப்படை. தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. ராணுவம் முழுவதுமாக வெளியேறியது 1994இல். இத்தகைய நிலத்தில் அவசரத்துக்கு இடமில்லை.

எதை இடிக்கக் கூடாது

சொகுசு என்பது இத்தாலியப் பளிங்கில் இல்லை என்பது என் உறுதியான கருத்து. நகரத்துக்கு நடுவே பழைய மதில், பெரிய மரங்கள், பயிற்சித் திடலாக இருந்த திறந்தவெளி ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கிடைப்பது இனி நடக்காத காரியம். படைநிலத்தின் உண்மையான மதிப்பு அதுதான். லண்டன் செல்சி படைக்குடியிருப்பை பிரிட்டிஷ் அரசு 2008இல் 95.9 கோடி பவுண்டுக்கு விற்றது. கண்ணாடியும் எஃகுமாகப் போட்ட முதல் திட்டத்தை இளவரசர் சார்லஸ் எதிர்த்தார். 2009இல் அது கைவிடப்பட்டது. பிறகு வந்த திட்டம் சதுக்கங்களையும் தோட்டங்களையும் நடுவில் வைத்தது, படைவீரர்களின் பழைய தேவாலயத்தைக் காத்துக்கொண்டது. உலகின் மிக விலையுயர்ந்த குடியிருப்புகளில் ஒன்றாக அது ஆனதற்கு அந்தத் திறந்தவெளி பெரிய காரணம். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில், 1992இல் பிரெஞ்சுப் படை விட்டுச் சென்ற வொபான் முகாம் குடியிருப்பானபோதும் முதிர்ந்த மரங்களை விட்டுவைத்தே தெருக்களை வகுத்தார்கள். அந்த முகாம் யார் பெயரைத் தாங்கியதோ, அந்தப் பிரெஞ்சுக் கோட்டைப் பொறியாளர் வொபானின் பாணியில்தான் புதுச்சேரியின் பழைய கோட்டையும் கட்டப்பட்டிருந்தது.

ஆகவே வரைபடக்காரரிடம் போகுமுன் மரங்களை எண்ணிடுங்கள். ஒவ்வொன்றின் சுற்றளவையும் நிழல் பரப்பையும் எழுதுங்கள். பழைய கட்டடத்தைக் காப்பதென்றால், மெட்ராஸ் டெரஸ் கூரையின், அதாவது மரச்சட்டங்கள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தட்டைக் கூரையின், சட்டங்கள் சுவருக்குள் நுழையும் முனையை முதலில் பார்க்க வேண்டும். சட்டத்தின் நடுப்பகுதி இரும்புபோல் உறுதியாக இருக்கும்போதே, ஈரம் ஏறும் அந்த முனை கரையானுக்கு இரையாகியிருக்கும்; சிறிய திருப்புளியால் குத்தினால் ஒரு விரற்கடை உள்ளே இறங்கும் சட்டத்தை மாற்றியே ஆக வேண்டும். சுண்ணாம்புச் சுவர் மீது சிமென்டுப் பூச்சு போடக் கூடாது. உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லையே அரித்துவிடும். புதுச்சேரியின் பழைய நகர மண்டபமான மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்ததைப் பார்த்த ஊர் நம்முடையது. கடற்கரைச் சாலையில் அதே வடிவில் திருப்பிக் கட்டி 2021இல்தான் அதைத் திறந்தார்கள்.

அனுமதிகள்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் பட்டியல் எல்லா அலுவலகத்திலும் கிடைக்கும். கடல் உயர்அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி வேண்டும். கழிமுக ஓரங்களுக்குத் தனி அளவு உண்டு. மொத்தக் கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதி. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்கு 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது, அடுத்த 200 மீட்டரில் முன்அனுமதி தேவை. லாஸ்பேட்டை விமான நிலையத்தின் உயரக் கட்டுப்பாட்டை மறக்க வேண்டாம். புதுச்சேரியில் திட்டக் குழுமமும், கடலூரில் நகர் ஊரமைப்புத் துறையும் மாநகராட்சியும் வரைபடத்தைப் பார்க்கும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமானாலும், எட்டு வீடுகளுக்கு மேல் கட்டினாலும் ரெரா எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு இல்லாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 விழுக்காடு தனிக் கணக்கில் இருக்க வேண்டும்.

தண்ணீரும் அக்கம்பக்கமும்

பழைய படைமுகாம்கள் பெரும்பாலும் மேட்டில் இருக்கும். மேட்டிலிருந்து இறங்கும் மழைநீர் எங்கே போகிறது என்று ஒரு மழைக்காலம் முழுவதும் கவனித்த பிறகே தரைமட்டத்தை முடிவு செய்ய வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது; அதையடுத்துத் தென்பெண்ணை வெள்ளம் கடலூரின் தாழ்வான பகுதிகளுக்குள் புகுந்தது. உங்கள் வளாகத்தை நாலடி உயர்த்தினால் உங்கள் வாகன நிறுத்தம் தப்பும், பக்கத்துத் தெரு மூழ்கும். பழைய வடிகாலை அடைக்காமல், திறந்தவெளியின் ஒரு பகுதியைத் தாழ்வாக விட்டு, அங்கே நீர் தேங்கி மெல்ல இறங்கும்படி செய்வதே நியாயம். நிலத்தடி நீர் உப்பேறும் கரையோரத்தில் இது உங்கள் கிணற்றையும் காக்கும்.

படை போன பிறகு அந்த நிலத்தின் குறுக்கே மக்கள் நடந்து பழகியிருப்பார்கள். தேவனாம்பட்டினம் போன்ற மீனவர் ஊர்களில், கரைக்குப் போகும் பாதையும் வலை உலர்த்தும் இடமும் எந்தப் பத்திரத்திலும் இருக்காது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஊர்ப் பஞ்சாயத்தாரைச் சுவர் எழுப்பிய பிறகு சந்திப்பதைவிட, வரைபடம் போடும்போதே சந்தித்து, அந்தப் பாதையை அளந்து, பொதுவழியாக வரைபடத்தில் குறித்து, அனுமதி ஆவணத்தில் சேர்த்துவிட வேண்டும்.

விற்பனைப் பத்திரத்தில்

வீடு வாங்குபவருக்கு நிலத்தில் உள்ள பிரிபடாத பாகத்தை எழுதும்போது பொதுவழி, நீர் தேங்கும் தாழ்பகுதி, பழைய மதில், காத்த கட்டடம் ஆகிய நான்கையும் சொத்து விவரத்தில் தனித்தனியே காட்டி, அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு குடியிருப்போர் சங்கத்துக்கு உரியது என்றும், அதற்கான வைப்புநிதி சங்கத்தின் பெயரில் போடப்பட்டுள்ளது என்றும் எழுத வேண்டும். மண் சுத்திகரிப்பு அறிக்கை, சோதனைக் குழிகளின் வரைபடம், யுடிஆருக்கு முந்தைய பதிவேட்டின் நகல் ஆகியவற்றை ஒவ்வொரு வாங்குநருக்கும் சாவியோடு சேர்த்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.