மூன்றாம் தவணையில் வந்திறங்கும் பிள்ளைக்கு: மலையகத்து ஆரம்ப வகுப்புகளில் செப்டெம்பர் முதல் டிசெம்பர் வரை

செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபரிலும் இலங்கையின் மலையகத்தில் உள்ள எங்கள் பாடசாலைக்குப் புதுமுகங்கள் வருவதுண்டு. தமிழ்நாட்டு அகதி முகாம்களில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பும் குடும்பங்கள், ஹோட்டல் வேலைக்காகக் கோயம்புத்தூரில் இருந்தோ திருச்சியில் இருந்தோ வருபவர்கள், வயதான அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்ளக் கனடாவில் இருந்து வந்தவர்கள். அதிபரின் அறை வாசலில் நின்றுகொண்டு எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "டீச்சர், வருஷம் முடியப் போகுதே, இனி ஜனவரியிலேயே சேர்த்துக்கலாமா?"

வேண்டாம். இப்போதே கொண்டுவந்து வகுப்பில் உட்கார வையுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னர் ஒரு தாய் தன் மகனை மூன்று மாதம் வீட்டிலேயே வைத்திருந்தார். அவர் நினைத்ததும் நல்லதைத்தான். பாதியில் நுழைந்தால் பிள்ளை திணறிப்போவான் என்ற பயம். ஜனவரியில் அவன் வந்தபோது பாடத்தில் பெரிய சிக்கல் எதுவும் இருக்கவில்லை. ஆனால் இடைவேளையில் யாரோடு நிற்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. மற்றப் பிள்ளைகள் நவராத்திரி வாணி விழாவில் ஒன்றாக ஆடியவர்கள், மழையில் ஒரே குடைக்குள் நடந்தவர்கள். அவன் சாப்பாட்டுப் பெட்டியோடு என் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றான். அதைப் பார்த்த பிறகு யாருக்கும் "ஜனவரியில் வாருங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

முதலில் நாட்காட்டியைப் புரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் படிப்பு ஜூனில் தொடங்கும், கனடாவில் செப்டெம்பரில். இங்கே ஜனவரியில் தொடங்கி, மூன்று தவணையாக ஓடி, டிசெம்பரில் முடியும். கொரோனா காலத்தில் குழம்பிய இந்த ஒழுங்கு 2025இல் மறுபடி ஜனவரிக்கு வந்துவிட்டது. ஆகவே ஒக்டோபரில் வரும் பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் அது ஐந்தாவது மாதம், இங்கே பத்தாவது மாதம். பிள்ளை பின்தங்கிவிட்டது போலத் தெரியும். உண்மையில் வருடத்தை வேறொரு இடத்தில் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஜனவரி 31க்குள் ஐந்து வயது நிறைந்த பிள்ளையைத்தான் அந்த வருடம் தரம் ஒன்றில் சேர்ப்பார்கள். மேல் தரங்களுக்கும் பெரும்பாலும் வயதையே பார்ப்பார்கள். ஆரம்பப் பிரிவில் பிள்ளையைப் பெயிலாக்கி அதே தரத்தில் நிறுத்திவைக்கும் வழக்கமும் இல்லை. அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

சரி, வகுப்பில் இந்த மாதங்களில் என்னதான் நடக்கிறது?

வெளிநாட்டில் இருந்து வரும் பிள்ளைகளிடம் "இலையுதிர் காலம்" என்ற படம் மனதில் இருக்கும். போன வருடம் தரம் மூன்றில் "எனக்குப் பிடித்த காலநிலை" என்று வரையச் சொன்னேன். புதிதாக வந்திருந்த பெண்பிள்ளை மரம் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகத் தீட்டி, கீழே இலைக் குவியலும் வரைந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இவங்க மரம் செத்துப்போச்சு" என்றான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் பிள்ளைகள் பிறந்ததில் இருந்து பார்ப்பது வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும் தேயிலை மலையைத்தான். அவனையும் குறை சொல்ல முடியாது.

மறுநாள் எல்லாரையும் வீட்டில் இருந்து வரும் வழியில் ஆளுக்கு மூன்று இலை கொண்டுவரச் சொன்னேன். தேயிலை, கொய்யா, முள்முருங்கை என்று மேசை நிறைந்துவிட்டது. தேயிலையின் ஓரத்தை விரலால் தடவச் சொன்னால் ரம்பப் பல் மாதிரி இருப்பது தெரியும். முள்முருங்கையில் ஒரே காம்பில் மூன்று இலைகள். கொய்யா இலையைத் திருப்பினால் நரம்புகள் புடைத்து நிற்கும். ஓரத்தை வைத்து ஒரு முறை, வடிவத்தை வைத்து ஒரு முறை பிரித்து அடுக்கினார்கள். பிறகு எண்ணி, கொப்பியில் அட்டவணை போட்டார்கள். மரங்கள் இலை உதிர்த்துவிட்டு மறுபடி துளிர்க்கும் நாடுகளைப் பற்றி அந்தப் பெண்பிள்ளையே எழுந்து நின்று சொன்னாள். சுற்றாடலும் கணிதமும் தமிழும் ஒரே காலைப்பொழுதில் நடந்த பாடம் அது. நமது ஆரம்ப வகுப்பு இப்படித்தான் ஓடும்.

"சுற்றாடல்சார் செயற்பாடுகள்" என்ற பாடத்தைப் புதிதாக வருபவர்கள் இலேசாக நினைத்துவிடுகிறார்கள். அறிவியல், சமூக அறிவியல் என்று நீங்கள் தனித்தனியாகப் படித்தவை இரண்டும் இதற்குள்தான் இருக்கின்றன. நீர், உணவு, விலங்குகள், தொழில்கள், வானம் என்று அதே தலைப்புகள் தரத்துக்குத் தரம் விரிந்துகொண்டே போகும். "ஐப்பசியில் அடைமழை" என்பது இங்கே கண் முன்னால் நடக்கும் காரியம். காலையில் வெயில் பளிச்சென்று இருக்கும். பதினொரு மணிக்கெல்லாம் பள்ளத்தில் இருந்து மிஸ்ட் ஏறிவரும். மதியம் தாண்டியதும் இடி. நேர்ச்சுவருள்ள போத்தல் ஒன்றை வெட்டவெளியில் வைத்துவிட்டு, மறுநாள் காலை அடிமட்டத்தால் தண்ணீரை அளந்து சுவர் அட்டவணையில் குறிப்பது எங்கள் வகுப்பில் வழக்கம். தகரக் கூரையில் மழை கொட்டும்போது நான் கத்தினாலும் கடைசி வாங்கில் (பெஞ்சில்) கேட்காது. அப்போது பாடத்தை நிறுத்திவிட்டு, காதால் கேட்பதை வரையச் சொல்வேன்.

கணிதத்தில் ஓர் இடம் புதுப் பிள்ளைகளைத் தடுக்கும்: பணம். இந்தியாவில் இருந்து வந்த பிள்ளைக்கும் ரூபாய் தெரியும், ஆனால் அந்த ரூபாய் வேறு, இந்த ரூபாய் வேறு. ஒரு பணிஸ் (பன்) நூறு ரூபாய்க்குக் கிட்ட வருகிறதென்றால் அது விலை கூடியதா, சாதாரணமா என்று பிள்ளைக்குப் பிடிபடாது. வீட்டில் கணக்குப் போட வைப்பதை விடக் கடைக்கு அனுப்பி மிச்சக்காசு எண்ணி வாங்க விடுங்கள். இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். எடை நிறுப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். "காலையில் 7 கிலோ கொழுந்து, மத்தியானம் 6, பின்னேரம் 5" என்று தொடங்கினாலே போதும், வகுப்பில் பாதிப்பேர் கொழுந்து பறிக்கும் அம்மாவை நினைத்துக்கொண்டு 18 என்று சொல்லிவிடுவார்கள்.

தரம் ஒன்று, இரண்டில் விளையாட்டு அதிகம். மூன்று, நான்கில் விளையாட்டும் செயற்பாடும் எழுத்துவேலையும் ஏறக்குறையச் சமமாக வரும். ஐந்தில் எழுத்துவேலை மேலோங்கும். இது திட்டமிட்டு வைத்திருக்கும் ஒழுங்கு. "வீட்டுப்பாடமே இல்லையே, பிள்ளை விளையாடிட்டே வருதே" என்று தமிழ்நாட்டில் இருந்து வந்த பெற்றோர் பதறுவார்கள். தரம் ஒன்றுப் பிள்ளை மணலில் எழுத்து வரைவதும், விதை எண்ணுவதும், பாட்டுக்குக் கைதட்டுவதும் படிப்புத்தான். 2026இல் தரம் ஒன்றுக்குப் புதிய கலைத்திட்டம் வந்திருக்கிறது. அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பழைய புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு முன்கூட்டியே படிப்பிக்க வேண்டாம். அரச பாடசாலையில் பாடநூல் இலவசம், வகுப்பாசிரியரிடமே கேளுங்கள்.

சொற்கள் கொஞ்சம் மாறும். நீங்கள் நோட்டு என்பது இங்கே கொப்பி. ஸ்கேல் அடிமட்டம், ரப்பர் அழிறப்பர், ஷூ சப்பாத்து. மூன்றாம் வகுப்பைத் தரம் மூன்று என்போம், தலைமையாசிரியரை அதிபர் என்போம். பிள்ளை "நோட்டு" என்று சொன்னால் வகுப்பு சிரிக்கும், அது ஒரு நாள் சிரிப்பு. வீட்டில் நீங்கள் "நம்ம தமிழ்தான் சரி" என்றோ "இனி அப்படிப் பேசாதே" என்றோ சொல்லாதீர்கள். இரண்டும் தமிழ், இரண்டும் அந்தப் பிள்ளைக்குச் சொந்தம். சிங்களமும் பேச்சாகக் கொஞ்சம் சொல்லித்தருவோம். பஸ்ஸில் "பஹினவா" என்று சொல்லி இறங்கத் தெரிந்துவிட்டால் பிள்ளைக்குத் தைரியம் வந்துவிடும்.

இந்தத் தவணை புதுப் பிள்ளைக்கு நல்லது என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம், இதில் விசேஷங்கள் அதிகம். ஒக்டோபர் 1 சிறுவர் தினம், 6 ஆசிரியர் தினம். ஒக்டோபர் முழுக்கத் தேசிய வாசிப்பு மாதம். அதில் கதை சொல்லல், வாசிப்புப் போட்டி எல்லாம் வரும். வாசிக்கத் தடுமாறும் பிள்ளையும் தன் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லிப் பெயர் வாங்கிவிடும். நவராத்திரிக்கு வாணி விழா. அவல், கடலை எடுத்துவரச் சொன்னால் கொஞ்சம் கூடவே கொடுத்துவிடுங்கள், கொண்டுவர முடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். தீபாவளியை ஒட்டித் தமிழ்ப் பாடசாலைகளுக்குக் கூடுதல் நாள் விடுமுறை கிடைப்பதுண்டு. அதற்குப் பதிலாக ஒரு சனிக்கிழமை பாடசாலை வைப்பார்கள், அந்த அறிவித்தலைத் தவறவிடாதீர்கள். தவணைப் பரீட்சை வரும்போது, புதிதாக வந்த பிள்ளையின் புள்ளிகளை மற்றவரோடு ஒப்பிட வேண்டாம்.

தரம் ஐந்து, புலமைப்பரிசில் பரீட்சை (உதவித்தொகைக்கும் பெரிய பாடசாலைகளுக்கும் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் பரீட்சை) பற்றி ஒரு சொல். 2025இல் அது ஆகஸ்ட் 10 அன்று நடந்தது. 2024இல் செப்டெம்பரிலும் 2023இல் ஒக்டோபரிலும் நடந்தது. விண்ணப்பம் பல மாதம் முன்னரே முடிந்துவிடும். எனவே மூன்றாம் தவணை தொடங்கிய பிறகு வரும் தரம் ஐந்துப் பிள்ளைக்கு அந்த வருடம் அந்த வாய்ப்பு இல்லை. தரம் ஆறுக்கு எங்கே சேர்ப்பது என்று இப்போதே அதிபரிடம் பேசத் தொடங்குங்கள். பிள்ளை தரம் நான்கில் இருந்தால், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ டியூஷன் பதாகைகளைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். ஊரும் வீடும் நண்பர்களும் மாறிய பிள்ளைக்குப் பின்னேரம் நான்கு மணிக்கு இன்னொரு வகுப்பறை தேவையில்லை. இதில் என்னோடு ஒத்துப்போகாத ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நான் என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

மழையைப் பற்றி விளையாட்டாகச் சொல்ல முடியாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலை சரிந்து எத்தனையோ குடும்பங்கள் போயின. நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்குவது, மண்சரிவின் இந்த அறிகுறிகளை எங்கள் பிள்ளைகளுக்குப் பாடமாகவே சொல்லித்தருகிறோம். வீட்டில் நீங்களும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அனர்த்த (பேரிடர்) முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் முதல் நாளே சேர்ந்துவிடுங்கள், கடும் மழை நாளில் விடுமுறைச் செய்தி அங்கேதான் முதலில் வரும். வெள்ளைச் சீருடை இந்த மாதங்களில் ஒரே நாளில் காயாது. இரண்டு சோடி போதாது, மூன்று வைத்திருங்கள். பையில் ஒரு சோடி உலர்ந்த சொக்ஸ். புல் வழியாக நடந்து வந்தால் கால் விரல் இடுக்கில் இரத்தம் குடிக்கும் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கம்பளிச் சட்டை இல்லாமல் நுவரெலியாப் பக்கம் காலையில் அனுப்பவே வேண்டாம்.

சேர்க்க வேண்டிய ஆவணங்கள்: பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, முந்திய பாடசாலையின் விடுகைப் பத்திரம் (டி.சி.), கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று. பிள்ளை வெளிநாட்டில் பிறந்திருந்தாலோ வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலோ முதலில் வலயக் கல்விப் பணிமனைக்குப் போய்க் கேளுங்கள். ஒரு தாள் குறைகிறது என்று யாராவது திருப்பி அனுப்பினால் மனம் தளர்ந்து வீட்டில் இருந்துவிடாதீர்கள், மறுபடி போங்கள். 1945இல் இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டத்துப் பிள்ளைகள் பலகாலம் அதற்கு வெளியே இருந்தார்கள். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது எழுபதுகளில்தான். என் அம்மா ஒரே அறையில் ஐந்து வகுப்பும் நடந்த காலத்தில் படித்தவர். பாடசாலை வாசல் வரைக்கும் வந்த ஒரு பிள்ளை திரும்பிப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

முதல் நாள் காலை ஏழேகாலுக்கு வந்துவிடுங்கள். புதுக் கொப்பிகளை அப்புறம் வாங்கலாம். அங்கே எழுதிய பழைய நோட்டு இருந்தால் அதைப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்புங்கள். அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நான் தொடங்குவேன்.