புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்கப் போறீங்களா?

சேலம் ஐந்து ரோடு பக்கம் இந்த அலமாரி சைஸ் ஸ்பீக்கர் பார்க்கப் போறவங்க, அட்டைப் பெட்டியில போட்டிருக்கிற பிஎம்பிஓ வாட்ஸை (கண நேர உச்ச பவர்னு போடுற எண்) நம்பாதீங்க. அது வெறும் பந்தா. ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தாங்குற பவர், எவ்வளவுன்னு கேளுங்க. அதைவிட முக்கியம் சென்சிட்டிவிட்டி, அதாவது குடுக்கிற பவருக்கு எவ்வளவு சத்தம் வருதுங்கிறது. 85 டெசிபல் ஸ்பீக்கர் தர்ற அதே சத்தத்தை 88 டெசிபல் ஸ்பீக்கர் பாதி வாட்ஸிலேயே தந்துடும். சின்ன ஆம்ப்ளிஃபயர்னா 8 ஓம்ஸ் (மின்தடை அளவு) ஸ்பீக்கரே நிம்மதி.

கடைக்காரர் போடுற டெமோ பாட்டு எதுல போட்டாலும் நல்லாத்தான் இருக்கும். உங்க போன்ல இருக்கிற கச்சேரி ஒண்ணைப் போடச் சொல்லுங்க. மிருதங்கத்தோட தொப்பி (கனத்த ஒலி தர்ற பக்கம்) அடி 'தொம்'னு விழுந்து உடனே அடங்கணும். 'பொம்ம்ம்'னு இழுத்தா பெட்டியும் சேர்ந்து அதிருதோன்னு சந்தேகப்படுங்க. பக்கப் பலகையை விரல் முட்டியால தட்டினா தெரிஞ்சிடும். ரெண்டு ஜோடியை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமா வைக்கச் சொல்லணும். கொஞ்சம் சத்தமா பாடுறதுதான் எப்பவும் நல்லதாத் தோணும், வியாபாரிக்கு அது தெரியும்!

பின்பக்கம் ஓட்டை இருக்கிற மாடலைச் சுவரை ஒட்டி வைக்காதீங்க. ட்வீட்டர் (கீச்சு ஒலி தர்ற சின்ன வட்டம்) காது உயரத்துக்கு வரணும்.

ஏற்காட்டுக்காரங்க பழசு வாங்கினா, கோனைச் (அதிர்ந்து ஒலி எழுப்புற கூம்பு) சுத்தியிருக்கிற விளிம்பை மெல்லத் தொட்டுப் பாருங்க. ஃபோம்னா அந்த ஈரத்துக்குச் சீக்கிரம் உதிரும், ரப்பர் தாங்கும்.