ஏடிவியால் பனி தள்ள: டயர், காற்று, எடை, சங்கிலி

கனடாவின் ஒன்டாரியோ மாகாணக் கிராமப்புற வீடுகளில் ஏடிவிக்கு (கரடுமுரடான தரையில் ஓடும் நாலு சக்கரத் திறந்த வண்டி) முன்னால் பிளேடு மாட்டி, வீட்டுக்கு வரும் நீண்ட சரளை டிரைவ்வேயைத் துப்புரவாக்குபவர்களுக்கு எஞ்சின் சக்தி அநேகமாகக் குறைவதில்லை. குறைவது பிடிமானம். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், வண்டி நகராது. உடனே பலர் ஆழமான பட்டன் (டயரின் மேல் புடைத்திருக்கும் ரப்பர் கட்டை) வைத்த சேற்று டயரைத் தேடிப் போகிறார்கள். அந்தச் செலவு தேவையில்லை.

சேற்று டயரில் பட்டன்கள் உயரமாகவும் ஒன்றுக்கொன்று தள்ளியும் இருக்கும். தளர்ந்த புதுப்பனியில் அது நன்றாகத் தோண்டும். ஆனால் இரண்டு முறை ஓட்டியதும் தரை இறுகிப் பளபளவென்று ஆகிவிடும். அந்த இறுகிய பனியைக் கவ்வ நிறைய விளிம்புகள் வேண்டும். சேற்று டயரிலோ தரையைத் தொடுவது விரல்விட்டு எண்ணக்கூடிய சில கட்டைகள்தான். குளிரில் ரப்பரும் கல்லாக இறுகினால் அவை சறுக்கத்தான் செய்யும். சரளைத் தரையாக இருந்தால், தரை உறையாத நவம்பரில் கல்லையும் கிளறிப் புல்வெளியில் எறியும்.

வேண்டியது பட்டன்கள் நெருக்கமாக உள்ள சாதாரண ஆல்-டெரைன் டயர். பட்டன் மேல் மெல்லிய கீறல்கள் இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு கீறலும் ஒரு கூடுதல் விளிம்பு. அகலமான டயரைத் தவிர்க்கவும். அகல டயர் பனிமேல் மிதக்கும், ஒடுக்கமான டயர் பனியை வெட்டிக்கொண்டு இறங்கிக் கெட்டித் தரையைத் தொடும். 25×8-12 என்றால் உயரம் 25 அங்குலம், அகலம் 8, ரிம் 12. பல வண்டிகளில் முன்னுக்கு 25×8-12, பின்னுக்கு 25×10-12 வரும். அந்த அளவுகளையே வைத்திருங்கள். உயரத்தை 27 ஆக்கினால் கியர் விகிதம் 8 சதவீதம் ஏறும், பிளேடைத் தள்ளும்போது எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கடத்தும் பெல்ட் சூடாகும். முன்பின் ஜோடிகளில் ஒன்றை மட்டும் மாற்றினால் நாலு சக்கர டிரைவில் அச்சுகள் ஒன்றையொன்று இழுக்கும்.

நல்ல டயரையும் வீணாக்குவது காற்று. ஏடிவி டயருக்குப் பெரும்பாலும் 5 முதல் 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற காற்றழுத்த அளவு) போதும். சரியான எண் வண்டியில் ஒட்டிய லேபிளில் இருக்கும், சுமைக்கென்று தனி எண் போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். காருக்கான கேஜ் (காற்றழுத்தமானி) இந்தச் சின்ன எண்களில் நம்பகமாகக் காட்டாது. 10 அல்லது 15 பிஎஸ்ஐ வரை மட்டும் அளக்கும் கேஜ் ஒன்று வாங்கிவிடுங்கள்.

20 பாகை செல்சியஸ் கராஜில் 6 பிஎஸ்ஐ வைத்த டயரை மைனஸ் 20-இல் வெளியே விட்டால், ஒரு துளி காற்றும் கசியாமலே 3 பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் டயர் பக்கவாட்டில் பிதுங்கும். பிளேடைச் சாய்த்துத் தள்ளும்போது வரும் பக்க அழுத்தத்தில் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழலும், இடையில் பனி புகுந்துகொள்ளும், அங்கேயே திரும்ப ஏற்றுவது பெரும்பாடு. ஆகவே வண்டியை வெளியே நிறுத்தி, டயர் நன்றாகக் குளிர்ந்த பிறகு காற்றைச் சரிபாருங்கள். அதே டயர் சூடான கராஜுக்குள் 9 காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடக் கூடாது.

அடுத்தது எடை. பிளேடும் சட்டமும் முன்னால் தொங்குவதால் பின் சக்கரங்கள் இலேசாகிவிடும். பின் ரேக்கில் 25 முதல் 35 கிலோ மணல் பை வையுங்கள், ரேக் லேபிளில் உள்ள உச்ச எடையைத் தாண்டாமல். ரேக்கின் முன்பகுதியில், தாழ்வாக, அசையாமல் கட்டுங்கள். உயரமாக அடுக்கினால் சரிவில் வண்டி கவிழும் ஆபத்து கூடும்.

இவ்வளவும் செய்தும் ஐஸிலோ ஏற்றத்திலோ வண்டி வழுக்குகிறதென்றால் சங்கிலி. குறுக்குச் சங்கிலி ஒவ்வொரு இரண்டாம் கண்ணியிலும் வரும் வகையை எடுங்கள். நான்கு கண்ணிக்கு ஒன்று வரும் மலிவு வகையில் குறுக்குச் சங்கிலிகளுக்கு நடுவே வெறும் ரப்பர் தரையில் படும், வண்டியும் குதிக்கும். ஒரு ஜோடிதான் வாங்குவதென்றால் பின் சக்கரங்களுக்கே போடுங்கள். முன்னால் மட்டும் போட்டால் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் வெட்டிக்கொண்டு திரும்பும். முன்பக்கம் பிரேக் குழாய், ஸ்டியரிங் ராட், அச்சின் ரப்பர் உறை எல்லாம் சக்கரத்துக்கு அருகில் இருப்பதால் சங்கிலி உரசும் வாய்ப்பும் அதிகம்.

மாட்டும்போது கொக்கிகளின் திறந்த முனை டயரைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். இல்லையென்றால் டயரின் பக்கச்சுவரை அறுத்துவிடும். கைக்கு வரும் அளவு இறுக்கி, ரப்பர் டென்ஷனர் மாட்டி, மிஞ்சிய கண்ணிகளைக் கம்பியால் கட்டுங்கள். நூறு மீட்டர் ஓட்டி நிறுத்திப் பாருங்கள், கட்டாயம் தளர்ந்திருக்கும், மறுபடி இறுக்குங்கள். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, ரேக்கை ஒருவர் அழுத்த, சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் நடுவே ஒரு அங்குலமாவது இடைவெளி மிச்சமிருக்கிறதா என்று சுற்றிலும் பாருங்கள். முன்சக்கரத்தில் போட்டிருந்தால் ஸ்டியரிங்கை இருபக்கமும் முழுதாகத் திருப்பியும் சோதிக்க வேண்டும்.

சங்கிலிக்கு இடமில்லாத வண்டிக்கு கார்பைடு முனை வைத்த திருகு ஸ்டட் உதவும். பட்டனின் நடுவில் மட்டும் ஏற்றுங்கள். நீளம் பட்டனின் உயரத்தைவிடக் குறைவாக இருக்கட்டும், உள்ளே துளைத்தால் ட்யூப்லெஸ் டயர் கசியும். சங்கிலியும் ஸ்டட்டும் தாரையும் பாவுகல்லையும் கீறும். அப்படிப்பட்ட டிரைவ்வேயில் எடையோடும் நல்ல டயரோடும் நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை.

தள்ளும்போது நாலு சக்கர டிரைவும் லோ கியரும் போட்டு நடை வேகத்தில் போங்கள். இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலும்படி பூட்டும் டிஃப் லாக்கை நேராகப் போகும்போது மட்டும் போடுங்கள், போட்டால் ஸ்டியரிங் கனக்கும். சக்கரம் நின்ற இடத்தில் சுழலத் தொடங்கியதும் ஆக்சிலரேட்டரிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். சுழன்ற இடம் ஐஸாக மெருகேறி, அடுத்த முறையும் அங்கேயே மாட்டவைக்கும். பிளேடை இரண்டு அங்குலம் தூக்கி, பின்னால் வந்து, அகலத்தில் பாதியை மட்டும் எடுத்து மறுபடி தள்ளுங்கள்.