பழைய ஆம்புலன்ஸ் சுழல்விளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் முன்

பழைய ஆம்புலன்ஸ் கூரையிலிருந்து இறக்கிய சுழல்விளக்கு கையில் கிடைத்தால், முதலில் பல்பின் அடியில் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பாருங்கள். ஜீப், வேன் என்றால் பெரும்பாலும் 12. லாரி சேஸி என்றால் 24.

அப்புறம் கணக்கு. 55 வாட் ஹாலஜன் நான்கு இருந்தால் 220 வாட். 12 வோல்ட்டில் அது 18 ஆம்பியருக்கு மேல். விளக்கைச் சுழற்றும் மோட்டாரையும் சேர்த்து 20 என்று வையுங்கள். இவ்வளவையும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக விட்டால் சுவிட்ச் உருகிவிடும். சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ரிலேயை மட்டும் சுவிட்ச் இயக்கட்டும். விளக்குக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து 30 ஆம்பியர் ஃபியூஸ், 40 ஆம்பியர் ரிலே, 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் வழியாக நேராகப் போகட்டும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஒயர் எங்கே உரசினாலும் வண்டியைக் காப்பது அதுதான்.

நம் பக்கத்தில் பெரிய எதிரி எர்த், அதாவது கரண்ட் வண்டியின் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. மண்டபம், பாம்பன் உப்புக்காற்றில் பாடியில் முடுக்கிய எர்த் போல்ட் சீக்கிரமே துருப்பிடிக்கும். விளக்கு மங்கும், மோட்டார் திணறும். மோட்டார் போய்விட்டது என்று நினைத்து நல்ல விளக்கையே பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள், மனசு கேட்கவில்லை. பாடியை நம்பாமல், அதே தடிமனில் தனி ஒயரைப் பேட்டரி மைனஸ் வரை இழுங்கள். படகுக்குப் போடும் வெள்ளீயம் பூசிய ஒயர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒயர் முனையில் மாட்டும் லக்கை இறுக்கியதும் வாசலின் தடவுங்கள்.

ஹாலஜன் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள். எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூடேறி பல்பு வெடிக்கலாம். பொதுச் சாலையில் சொந்த வண்டியில் இதை எரியவிடச் சட்டம் இடம் தராது. வீட்டு முற்றத்தில், பழைய வண்டிக் கண்காட்சியில் தாராளமாகச் சுழலட்டும்.