கரண்ட் போஸ்ட்டில் கேபிள் கட்டுபவர்கள் விடும் பிழைகள்

இணையம் கொண்டுவரும் பைபர் கேபிளுக்குள் ஓடுவது வெளிச்சம், கரண்ட் இல்லை. சரிதான். ஆனால் திருகோணமலையில் நான் கண்ட பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியை நம்பி நடந்தவை. இணையம், கமரா வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் இதைக் கேட்டிருப்போம்: "கண்ணாடி நூல்தானே தம்பி, அது என்ன செய்யப் போகுது?"

வீட்டுக்கு வரும் கறுப்புத் தட்டைக் கேபிளில் ஒரு துண்டை வெட்டிக் கத்தியால் பிளந்து பாருங்கள். நடுவில் தலைமயிர் போல ஒரு கண்ணாடி இழை. அதன் இரு பக்கமும் பலத்துக்காக இரண்டு மெல்லிய கம்பிகள். சில வகையில் இவை நாரும் பிசினும் சேர்ந்தவை, சில வகையில் இரும்பு. இவை போதாதென்று ஓரமாக ஒட்டிக்கொண்டு, சுமார் 1 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு உருக்குக் கம்பி. போஸ்ட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் பாரம் சுமப்பது இந்தக் கம்பிதான். கரண்டுக்கு இதைவிட வசதியான பாதை வேண்டியதில்லை.

உப்புவெளியில் ஒரு வீட்டுக்கு "இன்டர்நெட் மெதுவா இருக்கு" என்று கூப்பிட்டார்கள். வாசலிலேயே வீட்டுக்கார அக்கா மறித்தார். "தம்பி, கேற்றைத் தொடாதையுங்கோ, மழை பெய்தா கரண்ட் அடிக்குது." கேற்றின் தூணில் ஒரு ஆணி, ஆணியில் கேபிளின் உருக்குக் கம்பி நேரடியாகச் சுற்றப்பட்டிருந்தது. கேற்றின் கொண்டியும் அதே ஆணியில்தான். பிழை அங்கே இல்லை. இரண்டு போஸ்ட் தள்ளி, வேறொரு வீட்டுக்குக் கரண்ட் கொண்டு போகும் சேர்விஸ் வயரின் பழைய இணைப்பில் எங்கள் கேபிள் உரசி உரசித் தோல் போயிருந்தது. அந்த இடத்தில் நின்று பார்த்தவருக்கு ஒன்றும் தெரியாது. அடி வாங்கியது 80 மீற்றர் தள்ளி இருந்தவர்.

"வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே" என்று அந்த அக்கா கேட்டார். ட்ரிப் சுவிட்ச் தன் வழியாக உள்ளே போகும் கரண்டையும் திரும்பி வரும் கரண்டையும் மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும். வீதியிலிருந்து கேபிள் வழியாக வருவது அதற்குள் நுழைவதே இல்லை. அது விழாது.

ஆகவே போஸ்ட் வழியாகப் போவதற்கு உலோகமே இல்லாத கேபிளைக் கேட்டு வாங்குவது முதல் நல்ல வேலை. உருக்குக் கம்பி உள்ளதுதான் கிடைக்கிறது என்றால், வீதியில் போகும் பிரதான கேபிளின் கம்பியை முறையாக எர்த் பண்ண (நிலத்தோடு இணைக்க) வேண்டும். வீட்டுக்கு வரும் கேபிளில், வீட்டுப் பக்கத்தில் உருக்குக் கம்பியைப் பிரித்து, பிளாஸ்டிக் கிளாம்பில் சுவரோடு நிறுத்திவிட்டு, மீதியை மட்டும் உள்ளே கொண்டு போக வேண்டும். கேற், தகரக் கூரை, தண்ணீர்க் குழாய், முள்ளுக்கம்பி வேலி எதிலும் அது படக்கூடாது.

அடுத்தது, போஸ்ட்டில் எந்த உயரத்தில் கட்டுவது என்பது. புதிதாக வருகிறவர்கள் மேலே இடம் வெறுமையாக இருப்பதைப் பார்த்து ஏறிப் போய்க் கட்டுவார்கள். அந்த இடம் சும்மா விடப்பட்டதில்லை. பெரிய வீதிகளில் உச்சியில் போவது 33,000 வோல்ட். அதற்குக் கீழே வீடுகளுக்கான 400/230 வோல்ட் லைன். அதோடு வீதி விளக்கு வயர். தொடர்பாடல் கேபிள்களின் இடம் இவை எல்லாவற்றுக்கும் கீழே. இடையில் ஒரு வெறும் இடைவெளி விட வேண்டும். அமெரிக்க விதிகளில் இது போஸ்ட்டில் 40 அங்குலம், ஏறத்தாழ ஒரு மீற்றர். ஏன் இவ்வளவு? கேபிள் வேலை செய்கிறவர் நிமிர்ந்து கையைத் தூக்கினாலும் விரல் லைனில் படக்கூடாது என்பதற்காகத்தான். அது ஆளின் உயிருக்கு விட்ட இடம், இன்னொரு கேபிளுக்கு விட்ட இடமில்லை. இங்கே எவ்வளவு விட வேண்டும் என்பதை மின்சார சபையின் அனுமதியோடு எழுத்தில் வாங்குங்கள். போஸ்ட் அவர்களுடைய சொத்து. கேட்காமல் கட்டினால் ஒருநாள் அவர்களே வெட்டிப் போடுவார்கள், நியாயமும் அவர்கள் பக்கம்தான்.

டிரான்ஸ்போமர் நிற்கும் போஸ்ட், பியூஸ் தொங்கும் போஸ்ட், நிலத்துக்கடிக் கேபிள் ஏறும் போஸ்ட் இவற்றைத் தாண்டிப் போய்விடுங்கள். அவற்றில் கீழே இறங்கி வரும் எர்த் கம்பியை யாரும் ஒதுக்கக்கூடாது, அதோடு சேர்த்து எதையும் கட்டவும் கூடாது. இடி இறங்கினால் அந்தக் கம்பி வழியாகத்தான் நிலத்துக்குப் போகும். ஏப்ரலிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

போஸ்ட்டில் ஒரு மீற்றர் விட்டுவிட்டோம், முடிந்தது என்று நினைப்பதும் பிழை. இரண்டு போஸ்ட்டுக்கு நடுவில் பாருங்கள். நண்பகல் வெயிலிலும், எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் இரவிலும் கரண்ட் லைன் சூடாகி நீண்டு தொய்யும். கீழே எங்கள் கேபிளை வீணைத் தந்தி போல இழுத்துக் கட்டியிருந்தால், காலையில் இருந்த இடைவெளி மத்தியானம் நன்றாகக் குறைந்துவிடும். கேபிளும் கொஞ்சம் தொய்ய வேண்டும்.

"நல்லா இழு, வடிவா இருக்கட்டும்" என்பது எங்கள் வேலையில் தினமும் கேட்கும் சொல். அழகுக்காக இழுக்கும் அந்த இழுவைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மீற்றருக்கு 120 கிராம் நிறையுள்ள கேபிள், 40 மீற்றர் தூரம். நடுவில் 40 சென்ரிமீற்றர் தொய்வு விட்டால் கேபிளில் உள்ள இழுவை சுமார் 60 கிலோ. தொய்வை 20 ஆக்கினால் 120 கிலோ. 10 ஆக்கினால் 240 கிலோ. தொய்வு பாதியாக இழுவை இரட்டிப்பாகும். நேர் வரிசையில் நிற்கும் போஸ்ட்டை இரு பக்கமும் சமமாக இழுப்பதால் அது தெரியாது. வீதி திரும்பும் மூலையிலோ வரிசை முடியும் போஸ்ட்டிலோ மறுபக்கம் இழுக்க ஒன்றுமில்லை. போஸ்ட் மெல்லச் சாயும். அதோடு அதன் தலையில் உள்ள லைனும் ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் தொங்கும். அந்த மாதிரி இடத்தில் ஸ்டே, அதாவது போஸ்ட்டை மறுபக்கமாக நிலத்தோடு இழுத்துப் பிடிக்கும் கம்பி, போட வேண்டும். மின்சார சபை போட்ட ஸ்டே கம்பியிலேயே கேபிளைக் கட்டிவிடுவது இன்னொரு மோசமான பழக்கம். ஸ்டேயின் நடுவில் முட்டை வடிவில் ஒரு இன்சுலேற்றர் இருக்கும். மேல் பாதியில் கரண்ட் வந்தாலும் கீழே நிற்பவருக்கு வரக்கூடாது என்று வைத்தது. உங்கள் கேபிளின் உருக்குக் கம்பி அதைத் தாண்டிப் பாலம் போட்டுவிட்டால் அந்த முட்டை இருந்தும் இல்லை.

காற்றையும் கணக்கில் எடுங்கள். 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள கேபிள் 40 மீற்றருக்குப் போனால் காற்றுக்கு அது அரைச் சதுர மீற்றர்ப் பலகை. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகக் காற்றில் ஒரு கேபிளில் ஏறத்தாழ 22 கிலோ பக்கவாட்டு அழுத்தம். ஒன்று பரவாயில்லை. பத்துக் கேபிள் தொங்கும் போஸ்ட்டில் மூன்று பெரிய ஆட்களின் நிறை. 1964 டிசம்பர்ப் புயலைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி எங்களுக்குச் சற்று வடக்கே கரையேறியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பழைய கேபிள் டிவிக் கம்பிகள் ஒரு படம்கூடக் காட்டாமல் இன்னும் போஸ்ட்டுகளில் தொங்குகின்றன. புதிதாகக் கட்டுகிறவர் தன்னுடைய பழையதையாவது கழற்ற வேண்டும். யாரும் கழற்றுவதில்லை, கழற்றினால் கூலி இல்லை.

சீமெந்துப் போஸ்ட்டில் துளை போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை: போடாதீர்கள். உள்ளே இழுத்து இறுக்கிய உருக்குக் கம்பிகள் இருக்கின்றன. துளை அவற்றில் பட்டால் போஸ்ட்டின் பலமே போகும். படாவிட்டாலும் கடற்காற்றின் உப்பு அந்தத் துளை வழியாகப் போய்க் கம்பியைத் துருவாக்கும். துரு ஊதும், சீமெந்து வெடித்து விழும். சுற்றிக் கட்டும் பட்டியே சரி. திருக்கடலூர், நிலாவெளி போன்ற கரையோரங்களில் சாதாரண நாகம் (துத்தநாகம்) பூசிய பட்டி சில பருவங்களிலேயே செம்மஞ்சள் ஆகிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் 316 என்ற வகையைக் கேளுங்கள், 304 கடலுக்குத் தாங்குவது குறைவு. கேபிள் கட்டும் வெள்ளை நைலோன் டையைத் தயவுசெய்து வெளியில் பாவிக்க வேண்டாம். ஒரு கச்சான் காற்றுக் காலம் போனால் விரலால் அமத்தவே உடையும். (கச்சான் என்றால் இங்கே காற்றும்தான், கடலையும்தான். இரண்டும் காய்ந்தால் நொறுங்கும்.) வெயிலைத் தாங்கும் கறுப்பு டை வேறாக இருக்கிறது.

சரி, இனி ஏறுகிற ஆளுக்கு வருவோம். கரண்ட் போனதும் "இப்பதான் நல்ல நேரம்" என்று ஏணியைத் தூக்குவது நான் கண்டதிலேயே மோசமான பிழை. எங்கள் குழுவில் ஒரு தம்பி ஒருநாள் அப்படித்தான் கிளம்பினான். பக்கத்துக் கடை நானாதான் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்க ஏறப் போறாய்?"

"கரண்ட் இல்லை நானா, டெஸ்டர் வைச்சுப் பாத்தனான்."

"அந்த ஹோட்டல்ல ஜெனரேட்டர் ஓடுற சத்தம் கேக்குதா இல்லையா?"

கேட்டது. வீதி லைனிலிருந்து பிரித்துவிடும் மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை நேரே பிளக்கில் சொருகியிருந்தால் அந்தக் கரண்ட் பின்பக்கமாக லைனுக்கு ஏறும். வழியில் டிரான்ஸ்போமர் இருந்தால் 230 வோல்ட் மறுபக்கத்தில் ஆயிரக்கணக்கில் போய் நிற்கும். மின்சார சபை ஆட்கள் லைனை நிறுத்திய பிறகும் எர்த் போட்டுவிட்டுத்தான் கை வைப்பார்கள். எங்களிடம் அந்த எர்த்தும் இல்லை, எப்போது திரும்பக் கரண்ட் விடுவார்கள் என்ற தகவலும் இல்லை.

வீதி விளக்கு வயரும் இதே ஏமாற்றுக்காரன். பகல் மூன்று மணிக்கு டெஸ்டர் மினுங்காது. ஆறு மணிக்கு, இருட்டும்போது, நீங்கள் அவசரமாக வேலையை முடிக்கும் நேரம் பார்த்து உயிர் வரும். "அடியில போறது நியூட்ரல், ஒண்டும் செய்யாது" என்று சொல்பவரையும் நம்ப வேண்டாம். எங்கோ நியூட்ரல் அறுந்திருந்தால் அதே வயரில் முழு வோல்ட்டும் நிற்கும். போஸ்ட்டில் இருக்கும் எந்த வயரும் கரண்ட் உள்ளதுதான், அவ்வளவுதான்.

அலுமினிய ஏணி பாரம் குறைவு, எல்லோரிடமும் இருக்கிறது, இந்த வேலைக்கு மட்டும் ஆகாது. பைபர்கிளாஸ் ஏணி விலை கூட, ஆனால் வாங்கத்தான் வேண்டும். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. கீழே நிற்பவர் போனைப் பார்க்காமல் மேலே பார்க்க வேண்டும். உச்சியில் 33,000 வோல்ட் போகும் இடத்தில் தொட வேண்டியதே இல்லை, கிட்டப் போனாலே பாயும். பயிற்சி இல்லாத ஆட்கள் இந்த அளவு லைனிலிருந்து 10 அடி, அதாவது 3 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. கையில் உள்ள கேபிளும் ஏணியின் நுனியும் அந்த 10 அடிக்குள் சேரும். கேபிளை வீதிக்குக் குறுக்கே எறிந்து போடும் வேலையை விட்டுவிடுங்கள்.

வீதிக்குக் குறுக்கே போகும் கேபிள்தான் பெரிய தலையிடி. மேலே லைனுக்கு இடம் விட வேண்டும், கீழே வாகனத்துக்கு இடம் விட வேண்டும். தம்பலகாமத்திலிருந்து வைக்கோல் ஏற்றி வரும் லொறி, மேலே படகு கட்டி வரும் லொறி எல்லாம் எங்கள் வீதிகளில் சாதாரணம். லொறி கேபிளில் மாட்டினால் கேபிள் மட்டும் அறுந்தால் அதிர்ஷ்டம், பல நேரம் போஸ்ட்டோடு இழுபடும். பத்திரகாளி அம்பாள் கோவில் தேர் போன்றவை வெளியே வரும் நாளில் கரண்ட் லைனுக்கு மின்சார சபைக்குச் சொல்கிறார்கள், இணையக் கேபிளைப் பற்றி யாருக்கும் சொல்வதில்லை. இளைஞர்கள் கவட்டைக் கம்பால் தூக்கிப் பிடிக்கிறார்கள். தேர் வீதியில் கட்டியவர் திருவிழாவுக்கு முன் தானாகப் போய்க் கழற்றிக் கொடுக்க வேண்டும். போஸ்ட்டில் வளையமாகச் சுற்றித் தொங்க விடும் மிச்சக் கேபிளும் தலையிடிதான். திருகோணமலை பிரட்றிக் கோட்டைப் பக்கம் திரியும் ஒரு மானின் கொம்பில் அந்த வளையம் மாட்டியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று. காற்றுக்குப் பிறகு படலையடியில் கேபிள் விழுந்து கிடந்தால், இது இன்டர்நெட் வயர்தான் என்று எடுத்து வேலியில் கட்ட வேண்டாம். அதன் மறுமுனை எதன்மேல் கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. 10 மீற்றர் தள்ளி நின்று, பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் மறித்து, மின்சார சபையின் 1987க்கு எடுங்கள். இடம் சொல்லும்போது அருகிலுள்ள டிரான்ஸ்போமரையோ சந்தியையோ சொன்னால் விரைவாக வருவார்கள். யாராவது பிடிபட்டிருந்தால் தொடாமல் 1990 அம்புலன்ஸையும் கூப்பிடுங்கள். லைன் நிறுத்திவிட்டோம் என்று அவர்கள் வாயால் சொல்லும் வரை கிட்டப் போக வேண்டாம். காய்ந்த தடியால் தட்டிவிடலாம் என்பது 33,000 வோல்ட்டுக்குப் பொருந்தாது, மழையில் நனைந்த தடி 230க்கும் பொருந்தாது.