ஸ்க்ரோல் பண்ணப் பண்ண லிஸ்ட் ஏற்றும்போது விடும் பிழைகள்

மருதமுனைச் சாரனும் சாரியும் விற்கும் ஒரு கடையின் வெப் ஆப் என்று வையுங்கள். புதியது மேலே, ஒரு தடவைக்கு 20 பொருள். வாடிக்கையாளர் முதல் 20ஐப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைக்காரர் 3 சாரி புதிதாகச் சேர்க்கிறார். அடுத்த பக்கத்தை ஒஃப்செட்டில், அதாவது 20ஐத் தள்ளி அடுத்த 20ஐக் கேட்டால், பார்த்த 3 திரும்ப வரும். சேர்க்காமல் 3ஐ அழித்திருந்தால் இன்னும் மோசம்: வேறு 3 சாரி கண்ணிலேயே படாது, யாரும் முறையிடவும் மாட்டார்கள். இதை ஸ்க்ரோல் கோடில் தேடிப் பலனில்லை, பிழை குவெரியில், அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியில்.

கேர்சரைப் பாவியுங்கள், அதாவது எதுவரை காட்டினோம் என்ற அடையாளத்தை. கடைசியாகக் காட்டிய பொருளின் சேர்த்த நேரத்தையும் ஐடியையும் அனுப்பி, அதற்கு முந்திச் சேர்த்தவற்றைக் கேளுங்கள். நேரம் மட்டும் போதாது. எக்செலில் இருந்து ஒரேயடியாக ஏற்றியவற்றுக்கு ஒரே நேரம்தான் இருக்கும். பக்கம் அந்த இடத்தில் முடிந்தால் சில விடுபடும். நேரம், ஐடி இரண்டையும் சேர்த்து ஒரு இன்டெக்ஸ் (டேட்டாபேஸ் விரைவாகத் தேட உதவும் அட்டவணை) போடுங்கள். ஒஃப்செட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு: ஒஃப்செட் 10,000 என்றால் டேட்டாபேஸ் அந்த 10,000 வரியையும் கடந்துதான் உங்கள் 20க்கு வரும். பக்க எண்ணுக்குத் தாவ வேண்டிய சின்ன அட்மின் திரைக்கு ஒஃப்செட்டே போதும்.

பிரவுசர் பக்கம், லிஸ்டின் அடியில் வெறும் டிவ் (பக்கத்தில் ஒரு வெற்றுப் பெட்டி) ஒன்றை வைத்து இன்டர்செக்‌ஷன் ஒப்சேர்வரால் கவனியுங்கள்; ஒரு பகுதி திரையில் தெரிந்தாலோ மறைந்தாலோ அது நம் கோடைக் கூப்பிடும். அது கவனிக்கும் எல்லையை நீட்டும் ரூட்மார்ஜினில் கீழே 400 பிக்சல் கொடுத்தால் அடிக்குப் போகுமுன்னே அடுத்தது வரத் தொடங்கும். லிஸ்ட் தனிப் பெட்டிக்குள் ஸ்க்ரோல் ஆகிறதென்றால் அந்தப் பெட்டியையே ரூட்டாக, அதாவது கவனிக்கும் எல்லையாகக் கொடுங்கள். இதில் ஒரு பொறி உண்டு. ஒப்சேர்வர் நிலை மாறும்போதுதான் கூப்பிடும். பெரிய மொனிட்டரில் முதல் பக்கம் திரையை நிரப்பாவிட்டால் டிவ் தெரிந்தபடியே கிடக்கும். மாற்றமில்லை, லிஸ்ட் நின்றுவிடும். ஒவ்வொரு பக்கம் வந்ததும் அன்ஒப்சேர்வ் செய்து மறுபடி ஒப்சேர்வ் செய்யுங்கள் (கவனிப்பதை நிறுத்தித் திரும்பத் தொடங்குவது). போனில் மட்டும் சோதிப்பவருக்கு இது அகப்படவே அகப்படாது.

ஒரு கோரிக்கை முடியுமுன் அடுத்ததை அனுப்பாதீர்கள். சாரியிலிருந்து சாரனுக்கு ஃபில்டர் மாறினால் பழைய கோரிக்கையை, அதை இடையில் கைவிடச் செய்யும் அபோர்ட்கொன்ட்ரோலரால் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பிந்தி வந்த சாரி சாரன் லிஸ்டில் ஏறிக்கொள்ளும்.

வாகரைப் பக்கம் பஸ்ஸில் இருப்பவருக்குச் சிக்னல் அறுந்தால் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கக் கூடாது. அதே கேர்சரோடு திரும்பக் கேட்கும் பொத்தானைக் காட்டுங்கள். இடைவெளி விடாமல் தானாகவே கேட்டுக்கொண்டிருப்பது அவருடைய டேட்டாவைத்தான் தின்னும்.

படங்களுக்கு அகலம், உயரம் எழுதாவிட்டால் லிஸ்ட் குதிக்கும். பொருளைத் திறந்துவிட்டு பேக் அழுத்தினால் பழைய இடத்துக்கே வர வேண்டும். ஏற்றிய பக்கங்களையும் ஸ்க்ரோல் இடத்தையும் வைத்திருங்கள். வரிகள் ஆயிரக்கணக்கில் போனால் மட்டும் வேர்ச்சுவல் லிஸ்ட், அதாவது திரையில் தெரியும் வரிகளை மட்டும் வரைவது. 200 பொருளுக்கு அது வீண் வேலை.

கடையின் போன் இலக்கமும் டெலிவரி விபரமும் பக்கத்தின் அடியிலுள்ள ஃபுட்டரில் இருந்தால், ஒவ்வொரு தடவையும் எட்டுமுன் கீழே நழுவிவிடும். அவற்றை மேலே கொண்டுபோங்கள், அல்லது 3 பக்கத்துக்குப் பிறகு ‘மேலும் காட்டு’ பொத்தானுக்கு மாறுங்கள்.